ஒரு தாள், இரண்டு சாட்சி

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் நிலம் ஆடியது. சற்று நேரத்தில் கடல் எழுந்து வந்தது. கார் நிக்கோபார், கச்சால், சின்ன அந்தமான் என்று பல தீவுகளில் கரையோர ஊர்களை அடித்துச் சென்றது.

கச்சால் தீவில் ரப்பர் தோட்டம் இருந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே பால் வெட்டிப் பிழைத்தன. அந்தத் தீவில் நிக்கோபாரி மக்களும் மற்றவர்களும் ஏராளமாக மாண்டார்கள். பலரின் உடல் கிடைக்கவே இல்லை.

உயிர் போன துக்கம் ஒரு பக்கம். மறு பக்கம் இன்னொரு கஷ்டம் வந்தது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழ். உடலே கிடைக்காதபோது சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் ஒரு தகவலும் இல்லை என்றால்தான், அவர் இறந்துவிட்டார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏழு ஆண்டு காத்திருந்தால் பிள்ளைகள் என்ன சாப்பிடும்? அதனால் சுனாமியில் காணாமல் போனவர்களுக்கு மட்டும் அரசு தனி வழி செய்தது. புகார் வாங்கினார்கள். விசாரித்தார்கள். பிறகு சான்றிதழ் கொடுத்தார்கள்.

சான்றிதழ் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஆள் இல்லை என்று சொல்லும். அவர் வீடு யாருக்கு? பாங்குப் பணம் யாருக்கு? சின்னப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? இதை அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லாமல் போனால் அவருக்காகச் சட்டம் சொல்லும். சட்டம் சொல்வது அவர் மனதில் இருந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சுனாமி எப்போதோ ஒரு முறை வருகிறது. சாவு எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஆகவே இது எல்லாருக்கும் உள்ள விஷயம்.

முத்துவின் வீடு

முத்து என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கொத்தனார். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். இருபது வயதில் கப்பலேறி அந்தமானுக்கு வந்தார். பாம்பூ பிளாட்டில் சொந்தப் பணத்தில் மனை வாங்கி வீடு கட்டினார். மனைவி பெயர் செல்வி. அவரும் கூடவே சித்தாள் வேலை செய்தவர். அந்த வீட்டுக்கு மண் சுமந்தவர். இரண்டு மகன், ஒரு மகள். முத்துவின் அம்மா ஊரில் இருக்கிறார். அம்மாவோடு முத்துவின் இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள். முத்துவின் அப்பா எப்போதோ இறந்துவிட்டார்.

முத்து 48 வயதில் மாரடைப்பில் இறந்து போகிறார். எதுவும் எழுதி வைக்கவில்லை.

வீடு யாருக்கு? "இதென்ன கேள்வி, செல்விக்குத்தான்" என்று பலர் நினைப்பார்கள். "மகன்களுக்குத்தான்" என்று சிலர் சொல்வார்கள். இரண்டும் சரியில்லை. முத்து இந்து. அவருக்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அந்தச் சட்டப்படி அம்மா, மனைவி, மகன்கள், மகள் எல்லாருக்கும் சம பங்கு. ஆக மொத்தம் ஐந்து பங்கு. செல்விக்கு ஐந்தில் ஒன்று. கல்யாணமாகிப் போன மகளுக்கும் ஐந்தில் ஒன்று. மகளுக்குச் சீர் செய்தாகிவிட்டது, அதனால் பங்கு இல்லை என்று சொல்வது சட்டத்தில் நிற்காது.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கும் ஐந்தில் ஒன்று. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெற்ற தாய்க்குப் பங்கு இருப்பது நியாயம்தான். ஆனால் பிறகு என்ன நடக்கும் என்று பாருங்கள். சில ஆண்டுகளில் அம்மாவும் இறந்து போகிறார். அவரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மாவின் பங்கு அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். முத்துவின் தம்பிகள் இரண்டு பேருக்கும் அதில் பங்கு வரும். இறந்து போன முத்துவின் பாகம் அவர் பிள்ளைகளுக்கு வரும். இப்போது பாம்பூ பிளாட் வீட்டில் ராமநாதபுரத்துத் தம்பிகளுக்கும் பங்கு இருக்கிறது. அவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வீட்டை விற்க வேண்டும் என்றாலும், அடகு வைக்க வேண்டும் என்றாலும் அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சென்னைக்குக் கப்பலில் போக மூன்று நாள் ஆகும். தம்பிகள் நல்லவர்களாக இருந்தால் சரி. இல்லையென்றால் செல்வி வழக்குக்குத்தான் போக வேண்டும்.

முத்து உயிரோடு இருக்கும்போது ஒரே ஒரு தாளில் இதை மாற்றியிருக்க முடியும். அந்தத் தாளுக்குப் பெயர்தான் உயில்.

நாமினி யார்?

உயிலுக்கு முன்னால் இன்னொரு சின்ன வேலை இருக்கிறது. அது நாமினி பெயர். பாங்குக் கணக்கு, தபால் அலுவலகக் கணக்கு, ஆயுள் காப்பீடு, பி.எஃப். எல்லாவற்றிலும் நாமினி பெயர் எழுதலாம். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் பணத்தை யாரிடம் கொடுப்பது என்று பாங்குக்குச் சொல்லும் பெயர் அது.

முத்து கல்யாணத்துக்கு முன்னாலேயே பாங்கில் கணக்குத் தொடங்கினார். அப்போது தம்பியின் பெயரை நாமினியாக எழுதினார். பிறகு மாற்றவே இல்லை. இப்போது பாங்கு பணத்தைத் தம்பியிடம் கொடுக்கும். பாங்கு மேல் தப்பில்லை. அது தன்னிடம் உள்ள தாளைப் பார்த்துத்தான் நடக்கும்.

அந்தப் பணம் தம்பிக்குச் சொந்தமா? இல்லை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான். வாரிசுகளுக்காக அவர் வாங்குகிறார். அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1984-இல் காப்பீட்டு வழக்கு ஒன்றிலும், 2010-இல் பாங்கு வழக்கு ஒன்றிலும் இதைச் சொல்லியிருக்கிறது. (காப்பீட்டுச் சட்டம் மட்டும் 2015-இல் திருத்தப்பட்டது. கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் அந்தக் காப்பீட்டுப் பணம் அவர்களுக்கே சேரும் என்று திருத்தம் சொல்கிறது.) சட்டம் செல்வி பக்கம் இருக்கிறது. ஆனால் பணம் தம்பி கையில் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது செல்வி.

பி.எஃப். கொஞ்சம் வேறு மாதிரி. கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினி, கல்யாணமானதும் செல்லாது. குடும்பம் உள்ளவர் குடும்பத்தில் உள்ளவரைத்தான் எழுத முடியும். கல்யாணம் ஆனதும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். பல தொழிலாளிகளுக்கு இது தெரிவதில்லை.

ஆகவே பாஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நாமினி பெயர் அதில் அச்சாகி இருக்கிறதா? இல்லை என்றால் பாங்கில் கேளுங்கள். இதற்கு ஒரு படிவம் உண்டு. நாமினியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். 2025 நவம்பர் 1 முதல் பாங்குக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாக எழுதலாம். யாருக்கு எத்தனை பங்கு என்றும் எழுதலாம். சின்னப் பிள்ளையை நாமினியாக எழுதினால், அதன் சார்பில் பணம் வாங்கப் பெரியவர் ஒருவர் பெயரையும் எழுத வேண்டும்.

இதில் புதிதாக எழுதப் படித்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. நாமினி படிவத்தில் கைநாட்டு வைத்தால் இரண்டு சாட்சிகள் வேண்டும். கையெழுத்துப் போட்டால் சாட்சியே வேண்டாம். முன்பு கைநாட்டு வைத்துக் கணக்குத் தொடங்கியவர் இப்போது கையெழுத்துப் போடக் கற்றிருந்தால், பாங்கில் சொல்லிக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளலாம்.

நாமினியும் இல்லை, கணக்கு இருப்பதே வீட்டில் தெரியாது என்றால் என்ன ஆகும்? பத்து ஆண்டு யாரும் தொடாத பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். பணம் அழிந்துவிடாது. வாரிசு பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால் கணக்கு இருப்பது தெரிந்தால்தானே கேட்பார்?

உயில் எப்படி எழுதுவது?

உயில் எழுதினால் ஆயுசு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குடையை எடுத்துப் போனால் மழை வரும் என்பது போலத்தான் அது. உயில் பணக்காரர்களுக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு வீடு உள்ள குடும்பத்துக்குத்தான் அது அதிகம் தேவை. பத்து வீடு உள்ளவர் ஒன்றை இழந்தால் ஒன்பது இருக்கும்.

18 வயது நிரம்பி, புத்தி தெளிவாக உள்ள யாரும் உயில் எழுதலாம். வெள்ளைத் தாள் போதும். முத்திரைத் தாள் வேண்டாம். டைப் அடிக்க வேண்டும் என்பதில்லை. கையால் எழுதலாம். தமிழில் எழுதலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. நிலத்தில் சிக்கல் இருந்தால் மட்டும் வக்கீலைக் கேட்பது நல்லது.

சட்டம் கட்டாயமாகக் கேட்பது இதுதான். எழுதுகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கலாம். அதைக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு அந்த இருவரும் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தால் போதும்.

முத்து எழுதியிருந்தால் இப்படி எழுதியிருக்கலாம்:

"என் பெயர் முத்து. தந்தை பெயர் கருப்பையா. வயது 48. பாம்பூ பிளாட்டில் குடியிருக்கிறேன். இது என் கடைசி உயில். இதற்கு முன் உயில் ஏதும் எழுதியிருந்தால் அது செல்லாது. நல்ல நினைவோடு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் இதை எழுதுகிறேன். பாம்பூ பிளாட்டில் என் பெயரில் உள்ள மனையும் வீடும் என் மனைவி செல்விக்குச் சேர வேண்டும். என் பாங்குக் கணக்கில் உள்ள பணத்தில் பாதி என் தாய்க்கும், பாதி என் மகளுக்கும் சேர வேண்டும். எனக்கு முன்பே என் தாய் இறந்துவிட்டால் முழுப் பணமும் என் மகளுக்குச் சேர வேண்டும். மற்ற சொத்து ஏதும் இருந்தால் அது என் மனைவிக்குச் சேர வேண்டும். இந்த உயிலை நிறைவேற்றும் பொறுப்பை என் மூத்த மகனுக்குக் கொடுக்கிறேன்."

கீழே தேதி, ஊர், கையெழுத்து. அதற்குக் கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, பெயர், முகவரி. அவ்வளவுதான். ஒரு தாளில் முடிந்துவிடுகிறது.

இதில் அம்மாவுக்கும் முத்து ஒன்று கொடுத்திருக்கிறார். மகன்களுக்கு ஒன்றும் எழுதவில்லை. அவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தை ஓர் இந்து யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் மட்டும் தன் பங்கைத்தான் எழுத முடியும். ராமநாதபுரத்தில் தாத்தா காலத்து நிலம் பிரியாமல் கிடந்தால், "அதில் எனக்குள்ள பங்கு" என்று எழுதலாம். தீவில் உள்ளதற்கும் மெயின்லாண்டில் உள்ளதற்கும் தனித்தனி உயில் வேண்டாம். ஒரே உயில் போதும்.

சாட்சியாக யாரை வைப்பது? உயிலில் சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். அவர் மனைவியையும் கணவரையும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் பிறகு சந்தேகம் வரும். உங்களைவிட வயதில் இளையவராக, தீவிலேயே நிலையாக இருப்பவராகப் பாருங்கள். காண்டிராக்ட் வேலைக்கு வந்து ஆறு மாதத்தில் ஊர் திரும்புகிறவர் சாட்சியாக இருந்தால், பிறகு நீதிமன்றத்தில் சொல்ல அவரை எங்கே தேடுவது? எழுதுகிறவர் நோயாளி என்றால் டாக்டர் ஒருவர் சாட்சியாக இருப்பது பெரிய பலம்.

உயிலில் அடித்துத் திருத்தாதீர்கள். தப்பு வந்தால் புதுத் தாளில் முழுவதும் எழுதுங்கள். பல பக்கம் வந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். வேறு ஒருவர் எழுதிக் கொடுத்தால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மெதுவாகப் படித்தாலும் பரவாயில்லை. எழுதியவர் காத்திருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ கேட்டால், கேட்பவர் பெற்ற மகனாக இருந்தாலும் போடக் கூடாது.

உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். அதனால் தேதி முக்கியம்.

உயிலா, செட்டில்மெண்டா?

வயதானவர்களிடம் பிள்ளைகள் சில சமயம் சொல்வார்கள். "உயில் எல்லாம் எதற்கு? இப்போதே என் பேருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். இது செட்டில்மெண்ட் அல்லது தானப் பத்திரம். பதிவு செய்த அன்றே வீடு கை மாறிவிடும். பிறகு மனம் மாறினாலும் எளிதில் திரும்ப வாங்க முடியாது. உயில் அப்படி இல்லை. எழுதியவர் கண் மூடும் வரை வீடு அவருடையது. விற்கலாம். அடகு வைக்கலாம். உயிலைக் கிழித்தும் போடலாம். குடியிருக்க வேறு இடம் இல்லாத பெரியவர்களுக்கு உயில்தான் பத்திரம்.

"கடைசி வரை எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று நிபந்தனை போட்டுத் தானம் கொடுத்திருந்தால் ஒரு வழி உண்டு. பிள்ளை பார்த்துக்கொள்ளவில்லை என்றால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம்.

பெண்கள் எழுதலாமா?

கட்டாயம் எழுதலாம். பெண் பெயரில் உள்ள வீடு, நகை, சீட்டுப் பணம், மகளிர் குழுச் சேமிப்பு எல்லாம் அவள் சொத்து. கணவரின் சம்மதம் வேண்டியதில்லை.

பிள்ளை இல்லாத பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். பிள்ளை இல்லாத இந்து விதவை ஒருத்தி உழைத்து ஒரு வீடு வாங்குகிறாள். உயில் எழுதாமல் இறந்து போகிறாள். வீடு யாருக்கு? அவளைப் பெற்ற அம்மாவுக்கு இல்லை. கூடப் பிறந்த தங்கைக்கும் இல்லை. கணவனின் வாரிசுகளுக்கு முதலில் போகும். அவர்கள் அவளை ஒரு நாளும் எட்டிப் பார்க்காதவர்களாக இருக்கலாம். இன்றும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. (அம்மா அப்பா வழியில் வந்த சொத்து மட்டும் அவள் அப்பாவின் வாரிசுகளுக்குத் திரும்பும்.) பெற்ற தாயைத்தான் நினைக்கிறாள் என்றால் உயிலில் எழுதிவிட வேண்டும்.

தீவுகளில் இன்னொரு விஷயமும் உண்டு. பேசக் கூச்சப்படுவார்கள். பிழைக்க வந்த ஆணுக்கு மெயின்லாண்டில் ஒரு குடும்பம் இருக்கும். இங்கே ஒரு குடும்பம் இருக்கும். முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது, முறைப்படி பிரியாமல் செய்த இரண்டாவது கல்யாணம் இந்துச் சட்டத்தில் செல்லாது. அவர் இறந்தால் இரண்டாவதாக வந்தவளுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. இருபது ஆண்டு கூட வாழ்ந்திருந்தாலும் கிடையாது. ஆனால் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு. அவளுக்கும் ஏதாவது சேர வேண்டும் என்று அவர் நினைத்தால், தன் சம்பாத்தியத்தை உயிலில் எழுதி வைப்பதுதான் வழி. கூச்சப்பட்டு எழுதாமல் போனால் அவள் வெறுங்கையோடு நிற்பாள்.

மற்ற மதத்தாருக்கு

கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். கணவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. மகனும் மகளும் சமம். பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் அம்மாவுக்குப் பங்கு வராது. அம்மாவுக்கும் கொடுக்க நினைப்பவர் உயில் எழுத வேண்டும்.

முஸ்லிம்கள் பொதுவாகத் தங்கள் சொத்தில் மூன்றில் ஒரு பாகம் வரைதான் உயில் எழுத முடியும். மற்றது மார்க்க முறைப்படி வாரிசுகளுக்குப் போகும். இதை ஜமாத்திலோ தெரிந்த வக்கீலிடமோ கேட்டுக்கொள்ளலாம்.

அந்தமானில் தமிழர் வங்காளியை மணப்பார், ராஞ்சிக்காரரை மணப்பார். இந்து கிறிஸ்தவரை மணப்பதும் உண்டு. மதம் வேறானால், கல்யாணத்தை எந்தச் சட்டத்தில் பதிந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். அப்படிப்பட்ட குடும்பம் வக்கீலைக் கேட்பது நல்லது.

நிக்கோபாரி மக்களின் வழி வேறு. கார் நிக்கோபாரில் துஹேத் என்னும் பெரிய குடும்பமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். நிலமும் தென்னையும் தனி ஆளுக்கு இல்லை, துஹேத்துக்குச் சொந்தம். இந்து வாரிசுரிமைச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடத்தில் மற்றவர்கள் நிலம் வாங்கவும் முடியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதி அதைத் தடுக்கிறது.

நிலம் யாருடையது?

உயில் எழுதும் முன் நிலத்தின் தாளைப் பார்க்க வேண்டும். தீவுகளில் நில உரிமைக்கான பதிவு ஃபார்ம் எஃப். அதன் நகலைத் தாசில்தார் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா? அல்லது இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறதா? அப்பா பெயரில் இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றும் கொடுத்துப் பெயர் மாற்றம் கேட்கலாம். அதை மியூட்டேஷன் என்பார்கள்.

அரசு குடியேற்றத்தில் கொடுத்த நிலம் என்றால் அதற்கு நிபந்தனைகள் இருக்கலாம். 1966-ஆம் ஆண்டின் நில விதிகளைப் பொறுத்தது அது. பட்வாரியிடம் கேளுங்கள்.

அரசு நிலத்திலோ காட்டு நிலத்திலோ, தாள் இல்லாமல் குடிசை போட்டிருக்கிற குடும்பங்களும் உண்டு. இருபது, முப்பது ஆண்டு இருந்தாலும் அந்த நிலம் அவர்கள் பெயரில் இல்லை. தன்னுடையது அல்லாததை யாரும் உயிலில் எழுத முடியாது. எழுதினாலும் பிள்ளைக்கு நில உரிமை வராது. ஆகவே அப்படிப்பட்ட இடத்தை "பத்திரம் இல்லை, உயில் இருக்கிறது" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

சுனாமியின்போது அந்தமானில் சில இடங்களில் நிலமே கீழே இறங்கிவிட்டது. போர்ட் பிளேர் அருகே சிப்பிகாட்டில் வயலுக்குள் கடல் நீர் புகுந்தது. அது வடியவே இல்லை. (போர்ட் பிளேரின் பெயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது.) அங்கே தாளில் நிலம் இருக்கிறது, காலடியில் தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் தாளைத் தூக்கிப் போடக் கூடாது. நிலத்துக்கு உரியவர் யார் என்று கேள்வி வந்தால் பதில் சொல்ல அதுதான் இருக்கிறது.

எங்கே வைப்பது?

சுனாமியில் பெட்டியோடு தாள்களும் போயின. பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாம் போயின. தாங்கள் யார் என்று நிரூபிக்கவே மக்கள் அலைந்தார்கள். அதனால் உயிலைத் தகரப் பெட்டியில் வைத்தால் மட்டும் போதாது.

பதிவு செய்வது ஒரு வழி. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பதியாத உயிலும் செல்லும். ஆனால் பதிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பிரதி இருக்கும். அசல் தொலைந்தாலும் நகல் வாங்கலாம். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அவரும் அவர் அனுப்பும் ஆளும் தவிர வேறு யாருக்கும் அந்த நகலைக் கொடுக்க மாட்டார்கள். மருமகனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். தமிழில் எழுதிய உயிலைப் பதியப் போகும்போது மொழிபெயர்ப்புக் கேட்கலாம். முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். திக்லிபூரிலிருந்தோ ஹட் பேயிலிருந்தோ அதற்காக இரண்டு முறை அலைவது வீண் செலவு. இன்னொரு வழியும் உண்டு. உயிலை உறையில் போட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம்.

உயிலோடு இன்னொரு தாளும் எழுதி வையுங்கள். எந்த பாங்கில் கணக்கு, எந்தக் காப்பீடு, யாரிடம் சீட்டு, யாருக்குக் கடன் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, நகை எங்கே அடகில் இருக்கிறது. இதற்குச் சாட்சி வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை திருத்தினால் போதும். கணவரும் மனைவியும் உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம். எழுதும்போது இது வரை சொல்லாத கடன் ஒன்று இரண்டு வெளியே வரும். அன்று வீட்டில் கொஞ்சம் சத்தம் இருக்கும். பரவாயில்லை.

வீட்டில் ஒருவர் இறந்தால் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். சான்றிதழில் பெயரின் எழுத்தை அங்கேயே சரி பாருங்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ் புத்தகத்தில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி இருந்தால் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்துவார்கள்.

சட்ட உதவி வேண்டுமானால் பெண்களுக்கும், பழங்குடியினருக்கும், இயற்கைச் சீற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாகக் கிடைக்கும். இன்னும் சில பிரிவினருக்கும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண் 15100. உயில் எழுத ஆசைப்படுகிறேன் என்று சொன்னால் போதும். போகும்போது ஃபார்ம் எஃப் நகல், பாஸ் புத்தகம், ஆதார் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வாரிசுகளின் பெயர்களை அவரவர் ஆதாரில் உள்ள எழுத்துப்படியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.